மாநிலப் பாடத் தரம் எப்படி உருவாகிறது? குமரி மாவட்டப் பெற்றோரும் ஆசிரியரும் அதில் பங்கெடுக்கும் வழி

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் டீக்கடைகளில் பேச்செல்லாம் ஒன்றுதான்: தேர்ச்சி எத்தனை சதவீதம், மாவட்டம் எத்தனையாவது இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம், அதனால் இந்தப் பேச்சு இருக்கத்தான் செய்யும். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார், எப்படி முடிவு செய்தார்கள், அதில் நாம் ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு.

சொல்ல முடியும். அரசுப் பள்ளியின் பாடத் தரம் என்பது கடைசியில் காகிதத்தில் எழுதப்பட்ட சில நூறு வாக்கியங்கள். அந்த வாக்கியங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ‘பாடம் ரொம்பக் கஷ்டம்’ என்ற புலம்பலால் அவை மாறாது. இந்த வாக்கியம் எங்கள் வகுப்பில் இப்படி உடைகிறது, அதை இப்படி மாற்றி எழுதலாம் என்று ஆதாரத்தோடு போகும் ஒரு பக்கத்துக்கு மாற்றும் வாய்ப்பு உண்டு. அந்த ஒரு பக்கத்தைத் தயாரிப்பது வரைக்கும் உங்களைக் கொண்டுபோவதுதான் இந்த வழிகாட்டி. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எந்தத் தரம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

‘தரம்’ என்று பொதுவாகச் சொன்னால் கூட்டம் எங்கெங்கோ போய்விடும். மூன்று வேறு விஷயங்கள் அந்த ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன.

ஒன்று, பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பது. துறையின் பேச்சில் இதன் பெயர் கற்றல் விளைவு. இரண்டாவது, எவ்வளவு நன்றாகச் செய்தால் ‘வந்துவிட்டது’ என்று ஒத்துக்கொள்வோம் என்பது. இதை வரம்புக் கோடு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, அதைச் சாதிக்கப் பள்ளிக்கு என்ன கொடுத்திருக்க வேண்டும் என்பது: ஆசிரியர், நேரம், புத்தகம், வகுப்பறை.

மூன்றாவதைப் பற்றிய எண்கள் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. 1 முதல் 5 வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம். தொடக்க நிலையில் பொதுவாக 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பெற்றோர் கூட்டத்தில் பெரும்பாலும் பேசப்படுவது இந்த மூன்றாவது தரம்தான். சுற்றுச்சுவர், கழிப்பறை எல்லாம் முக்கியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டையும் யாரும் தொடாததால் அவை சென்னையில் மட்டுமே பேசப்படும் விஷயமாக ஆகிவிட்டன.

2. அதிகாரம் யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை, மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. ஆனாலும் பாடத்திட்டம் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் அரசு குறிப்பிடும் ஒரு கல்வி அமைப்பு வகுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அந்த அமைப்பு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், ஆசிரியர்கள் வாயில் எஸ்.சி.இ.ஆர்.டி. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், முன்பு டி.பி.ஐ. என்று அழைக்கப்பட்ட கல்வித் துறை வளாகத்தில் இருக்கிறது. புத்தகத்தை அச்சிட்டு அனுப்புவது பாடநூல் கழகம். பொதுத்தேர்வு நடத்துவது தேர்வுத் துறை. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டமும் 2011 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து, மெட்ரிக் பள்ளிகளையும் இதே பொதுப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. ஆக நாம் பேசும் வாக்கியங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமானவை அல்ல.

மாவட்டத்தில் எஸ்.சி.இ.ஆர்.டி.யின் கை, தேரூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். டயட் என்றால் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதற்குக் கீழே ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வளமையமும் அதில் ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். நிர்வாகப் பக்கம் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், மேலே நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். ஓட்டை ஓடு, ஆசிரியர் காலியிடம் என்றால் நிர்வாகப் பக்கம் போங்கள். பாட வாக்கியம் என்றால் தேரூர்ப் பக்கம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ஓட்டை ஓட்டுக்குத்தான் பதில் வரும்.

3. முந்தைய முறை எப்படி நடந்தது என்று பாருங்கள்

2017இல் மாநில அரசு பாடத்திட்டத்தை மாற்ற முடிவெடுத்து, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. அந்த நவம்பரில் வரைவுப் பாடத்திட்டம் இணையத்தில் வெளியாகி, பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது. 2018 ஜூனில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் கைக்கு வந்துவிட்டது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த கல்வியாண்டு.

வரைவு நவம்பரில், அச்சான புத்தகம் ஜூனில். இடையில் இருந்த ஏழு மாதத்துக்குள்தான் கருத்து கேட்பது, திருத்துவது, பாடம் எழுதுவது, படம் வரைவது, அச்சிடுவது எல்லாமே. கருத்துச் சொல்ல உண்மையில் கிடைத்தது அதன் ஆரம்பத்தில் கொஞ்ச நாள்தான். அதுவும் அந்த நவம்பர் கடைசியில்தான் ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஐந்தாம் வகுப்பு அறிவியல் வரைவை யார் எடுத்துப் படிப்பது?

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. வரைவு வந்தபிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காது. இப்போது நடைமுறையில் இருக்கும் வாக்கியங்களை வைத்தே குறிப்பு எடுத்து வைத்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 8 அன்று பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு அதோடு போனது. கொள்கை மாறினால் பாடத்திட்டமும் மாறும். அதனால் குறிப்பெடுக்க இதுதான் நேரம்.

மேலே எடுத்த முடிவு மாறவே மாறாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு பலமாக வந்தது. 2020 பிப்ரவரியில் தேர்வு நடக்கும் முன்பே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

4. வாக்கியத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வேலையின் மையம் இதுதான், இங்கே அவசரப்பட வேண்டாம். 2017இல் மத்திய கல்வி உரிமை விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. வகுப்புவாரியாக, பாடவாரியாகக் கற்றல் விளைவுகளை எழுதி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தேசிய அளவில் ஒரு தொகுப்பும் அப்போது வெளியானது. நம் புத்தகங்களில் பாடத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ‘கற்றல் நோக்கங்கள்’, ‘கற்றல் விளைவுகள்’ என்று சில வரிகள் இருக்கும். பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை எடுத்து அந்த வரிகளைப் பாருங்கள்.

ஒரு வாக்கியம்: ‘மாணவர்கள் பின்னங்களைப் புரிந்துகொள்வர்.’ இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. புரிந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? திற்பரப்பில் ஓர் ஆசிரியர் புரிந்தது என்பார், மணக்குடியில் இன்னொருவர் இல்லை என்பார், இரண்டு பேரும் சரியாகவே இருப்பார்கள்.

இன்னொரு வாக்கியம்: ‘பகுதி (கீழ் எண்) ஒரே எண்ணாக இருக்கும் இரண்டு பின்னங்களில் எது பெரியது என்று படம் வரைந்தோ காரணம் சொல்லியோ காட்டுவர்.’ இதைக் கண்ணால் பார்க்கலாம். எந்த ஊரில் பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வரலாம்.

எந்த வாக்கியத்தை எடுத்தாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை செய்வதை நாம் பார்க்கவோ கேட்கவோ முடியுமா? ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று வேலைகளை அடைத்திருக்கிறார்களா? ‘படிப்பர், எழுதுவர், ஒப்பிடுவர்’ என்று இருந்தால் படிக்கத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளையை எங்கே வைப்பது? எல்லை தெளிவாக இருக்கிறதா, அதாவது எண் என்றால் எத்தனை இலக்கம் வரை, பத்தி என்றால் எவ்வளவு நீளம்? இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தேவையில்லாத சூழல் ஒன்று வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது.

கடைசிக் கேள்விக்கு நம் மாவட்டம் நல்ல பரிசோதனைக் களம். பின்னம் தெரிகிறதா என்று பார்க்கத் தோவாளையில் கால் கிலோ பிச்சிப்பூ போதும். குளச்சல் பக்கத்துப் பிள்ளைக்கு, வள்ளத்தில் வந்த மீனை ஏலம் விட்ட காசில் வள்ளத்துக்காரருக்கு எவ்வளவு, கடலுக்குப் போனவர்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு. குலசேகரம் பக்கம் ரப்பர் பாலும் ஷீட்டும் இருக்கின்றன. மூன்றிலும் தரம் ஒன்றே, அதைத் தொட்டுப் பார்க்கும் பொருள்தான் வேறு. மாநில அளவிலான வாக்கியம் பொருளைப் பூட்டி வைக்கக் கூடாது. ‘ரயில் நிலைய அட்டவணையைப் பயன்படுத்தி நேரக் கணக்கு செய்வர்’ என்று எழுதினால், ரயிலையே பார்க்காத கோதையாற்றுப் பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் போகவில்லை, அட்டவணைதான் புதிது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘எங்கள் பிள்ளைகள் மலைப் பிள்ளைகள், கடல் பிள்ளைகள், அவர்களுக்குக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்’ என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருளை மாற்றச் சொல்லுங்கள், நேரம் கூடுதலாகக் கேளுங்கள், ஆசிரியர் கேளுங்கள். எல்லையைக் குறைத்தால் அது அந்தப் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் வந்து அடிக்கும்.

5. படிக்கட்டாக அடுக்கிப் பாருங்கள்

தனி வாக்கியம் நன்றாக இருந்தாலும் முந்தைய வகுப்போடும் அடுத்த வகுப்போடும் பொருந்த வேண்டும். ஒரே தலைப்பை எடுத்து, 3 முதல் 8 வரையான வகுப்புப் புத்தகங்களில் அது எங்கெங்கே வருகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பின்னம், அளவைகள், பத்தி வாசிப்பு, கடிதம் எழுதுதல் என ஒன்று போதும். சில இடத்தில் ஒரே விஷயம் இரண்டு வருடம் அப்படியே திரும்ப வரும். சில இடத்தில் ஒரு படி விடுபட்டுப் போயிருக்கும்: சமான பின்னத்தில் (1/2, 2/4 போல ஒரே மதிப்புள்ளவை) போதிய பயிற்சி இல்லாமலே பகுதி வேறான பின்னங்களைக் கூட்டச் சொல்லும். விடுபட்ட படி கிடைத்தால் பொக்கிஷம், பத்திரமாகக் குறித்து வையுங்கள். எழுதுபவர்கள் வகுப்புவாரியாகக் குழு பிரிந்து எழுதும்போது இத்தகைய ஓட்டை விழுவது சகஜம். அது மேலிருந்து பார்த்தால் தெரியாது, பாடம் நடத்துபவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் நேரக் கணக்கு. ஆண்டுக்கு 800 மணி நேரத்தை ஐந்து பாடத்துக்குச் சமமாகப் பிரித்தால் கணக்குக்கு 160 மணி. அந்த வகுப்புக் கணக்கில் 40 வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 4 மணி நேரம். அதற்குள் சொல்லிக் கொடுப்பது, பயிற்சி, பார்த்துத் திருத்துவது, வராத பிள்ளைக்கு மறுபடி சொல்வது எல்லாம் முடிய வேண்டும். குமரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு மழை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இன்னொன்று. வருடத்தின் மிகக் கனமான பாடம் நவம்பரில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதுவும் எழுத வேண்டிய குறிப்புதான்.

6. வரம்புக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்று ஒருமுறை செய்து பாருங்கள்

பத்தாம் வகுப்பில் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியல் என்றால் எழுத்துத் தேர்வில் 75க்குக் குறைந்தது 20 வேண்டும். வினாத்தாள் ஒரு வருடம் எளிதாக வரும், ஒரு வருடம் தலை சுற்ற வைக்கும். 35 மட்டும் அசையாது. நிர்வாகத்துக்கு இது வசதி, ஆனால் 35 எடுத்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இந்த எண் எதையும் சொல்வதில்லை.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அரசு பார்க்கும் அடைவு ஆய்வுகளில் இந்த வரம்புக் கோட்டை வேறு மாதிரி போடுகிறார்கள். அதற்கு ஆங்காஃப் முறை என்று பெயர். கேட்கத்தான் பெரிதாக இருக்கிறது, உங்கள் பள்ளி ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு மாலையில் செய்து பார்த்துவிடலாம்.

முதலில், தரத்தைச் சரியாக விளிம்பில் தொட்டு நிற்கும் பிள்ளையை மனதில் கொண்டுவர வேண்டும். வகுப்பின் சுட்டிப் பிள்ளையும் வேண்டாம், கடைசி வரிசையும் வேண்டாம். ‘இவனுக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்லணும், ஆனா கொஞ்சம் சந்தேகம்’ என்று தோன்றும் பிள்ளை. அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் இந்தக் கேள்வியை எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள் என்று ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாக, பக்கத்துத் தாளைப் பார்க்காமல் எழுத வேண்டும்.

ஐந்து கேள்வி கொண்ட ஒரு சின்னத் தாளை வைத்துச் சொல்கிறேன். முதல் கேள்விக்கு மூவரும் 9, 8, 10 என்று எழுதினால் சராசரி 9. இரண்டாவதற்கு 7, 6, 8 என்றால் 7. மூன்றாவதற்கு 5, 6, 4, சராசரி 5. நான்காவதற்கு 8, 7, 9, சராசரி 8. ஐந்தாவது கடினம், 3, 4, 2 என்று 3. கூட்டினால் 32. மொத்தம் 50, ஆக 64 சதவீதம். அதாவது இந்தத் தாளில் விளிம்புப் பிள்ளை 5க்கு 3.2 எடுக்கும். கோடு அங்கே. எளிதான தாளாக இருந்தால் கோடு மேலே போயிருக்கும், கடினமானதாக இருந்தால் கீழே வந்திருக்கும். 35 செய்யாத வேலையை இது செய்கிறது.

அடுத்து இரண்டாம் சுற்று. உண்மையில் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்ற விவரத்தைக் காட்டி, வித்தியாசம் அதிகமாக இருக்கும் இடத்தில் ஆசிரியர்களைப் பேச விடுவார்கள். எனக்குப் பிடித்த கட்டம் இது. ‘இதை என் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்’ என்று 9 போட்டவரும் 4 போட்டவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து காரணம் சொல்லும்போதுதான் தரம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் விளங்கும். பேசி முடித்ததும் எண்ணை மாற்ற விரும்பினால் மாற்றலாம், கட்டாயம் இல்லை.

2022இல் நடந்த தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வில் மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கு 20 மொழிகளில் தனித்தனியாகக் கோடு போட்டார்கள். அது சரியான முடிவு. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எல்லா மொழிக்கும் ஒரே எண் வைத்தால் தமிழ்ப் பிள்ளைக்கு அநியாயம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்பதும் தமிழில் ஒரு சொல்தான். ஏதாவது ஆவணத்தில் நிமிடத்துக்கு 60 சொல் என்பது போன்ற எண்ணைப் பார்த்தால், அது எந்த மொழிப் பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு என்று கேளுங்கள்.

7. உங்கள் பள்ளியில் ஆதாரம் சேருங்கள்

பள்ளிக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு நீங்களாகத் தேர்வு வைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் பேசி, வகுப்பாசிரியர் ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். முழுத் தொடர் மதிப்பீட்டு முறையில் வகுப்பில் அவ்வப்போது பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வு வைத்துப் பார்க்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்திருக்கும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த 40இல்தான் இருக்கும். தொடக்க வகுப்புகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் அரும்பு நிலையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது நல்ல ஆதாரம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். பிள்ளையின் பெயரோ அடையாளமோ எந்தத் தாளிலும் வரக் கூடாது.

எண்ணிக்கையோடு காரணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சொற்களில் கொடுத்த ஒரு கணக்கைப் பிள்ளை தவறாகச் செய்திருந்தால், ஆசிரியர் அதையே வாய்விட்டு வாசித்துக் காட்டி மறுபடி கேட்கட்டும். இப்போது சரியாகச் சொன்னால் பிரச்சினை வாசிப்பில், கணக்கில் அல்ல. மேல்புறம், முஞ்சிறை ஒன்றியங்களில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. விளவங்கோடு பக்கம் மலையாள வழி வகுப்புகளும் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளின் பேச்சு, புத்தகத் தமிழிலிருந்து தள்ளி நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகி 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அது இருக்க வேண்டியதே. ஆனால் தமிழை வீட்டிலேயே பேசி வளர்ந்த பிள்ளைக்கும் பள்ளியில் வந்து முதன்முதலில் கேட்கும் பிள்ளைக்கும் முதல் வகுப்பு முடிவில் ஒரே வாக்கியம் பொருந்துமா? ஐந்தாம் வகுப்பு முடிவில் இருவரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும், ஆனால் அதுவரை ஏறும் படிகள் வேறாக இருக்கலாம் என்பது என் கட்சி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நான்கு தாலுகாக்கள் இதைப் பற்றிச் சொல்லாவிட்டால் தஞ்சாவூர்க்காரரா சொல்லப் போகிறார்?

ஒரு பள்ளி போதாது. அரசின் அடைவு ஆய்வு முடிவுகள் மாவட்ட அளவில் வெளியாகும்போது மாவட்டச் சராசரி நன்றாகவே இருக்கலாம். ஆனால் சராசரி என்பது அகஸ்தீஸ்வரத்தையும் கோதையாற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவது. கரையோரம் ஒன்று, மலையோரம் ஒன்று, ஊர்ப்புறம் ஒன்று என்று மூன்று பள்ளிகளின் குழுக்கள் ஒரே வாக்கியத்தை எடுத்துப் பார்த்தால் எடை கூடும்.

8. ஒரு பக்கத்தை எழுதுங்கள்

ஒரு வாக்கியத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மாதிரி ஒன்று தருகிறேன். எண்கள் கற்பனையானவை, வடிவத்தைப் பாருங்கள்.

‘வகுப்பு 5, கணக்கு, பின்னங்கள். இப்போதுள்ள வாக்கியம்: பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் அறிவர். நாங்கள் பார்த்தது: மூன்று பள்ளிகளில் 54 பிள்ளைகள். பகுதி ஒரே எண்ணாக உள்ள பின்னங்களை 41 பேர் கூட்டினர், பகுதி வேறானவற்றை 12 பேர். கேள்வியை வாசித்துக் காட்டியபோதும் இந்த 12 மாறவில்லை. எனவே சிக்கல் வாசிப்பில் இல்லை. காரணம் என்று நாங்கள் கருதுவது: நான்காம் வகுப்பில் சமான பின்னத்துக்குப் போதிய பயிற்சி இல்லை. எங்கள் யோசனை: இந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சமான பின்னத்துக்கு நான்காம் வகுப்பில் தனி வாக்கியம் வேண்டும். அதன் வாசகம் பின்வருமாறு…’

இதில் புகார் இல்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. திருத்த உட்காருபவர் மேசையில் இது வந்தால் ஒதுக்கி வைப்பது கஷ்டம், ஏனென்றால் அவர் எழுத வேண்டிய வாக்கியத்தையே நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

9. சரியான வழியில் அனுப்புங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் மிஷன் பள்ளிகளும் மற்ற உதவி பெறும் பள்ளிகளும் அதிகம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிகளில் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். பரவாயில்லை, நாம் அனுப்புவதும் ஆலோசனைதானே.

தீர்மானத்தின் நகலை ஒரு பக்கக் குறிப்போடு சேர்த்துத் தேரூர் டயட் முதல்வருக்கும், எஸ்.சி.இ.ஆர்.டி. இயக்குநருக்கும், தகவலுக்காக முதன்மைக் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் தங்கள் பெயரில் எழுதத் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. குழுவின் பெயரில் போனால் அந்தத் தயக்கம் இல்லை.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையும் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் ஒன்றாக வருகின்றன. பேச்சாளர்கள் எப்படியும் 1956 பற்றிப் பேசுவார்கள், இடையில் ஐந்து நிமிடம் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கும் கேட்டு வாங்கலாம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எஸ்.சி.இ.ஆர்.டி.யின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் மாற்றவில்லை’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைப்பது கடினம். ‘இந்தத் தேதியில் அனுப்பிய கருத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல்’, ‘வரைவுக்கு வந்த கருத்துகளின் பட்டியல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள்.

10. புதிய வாக்கியம் வந்தபிறகு வினாத்தாளைப் பாருங்கள்

புத்தகத்தில் நல்ல வாக்கியம் வந்துவிட்டாலும் தேர்வு பழைய மாதிரியே கேட்டால் வகுப்பும் பழைய மாதிரியே நடக்கும். முன்பு மேல்நிலை வகுப்புகளில் புளூபிரிண்ட் வைத்து எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டு, சில பாடங்களைத் தொடாமலே தேர்வெழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே பாடத்திட்டத்தை நடத்தியது வினாத்தாள்தான்.

அதனால் கடைசியாக நடந்த காலாண்டு அல்லது அரையாண்டு வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கற்றல் விளைவைப் பார்க்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். எந்த வாக்கியத்தோடும் பொருந்தாத கேள்விகள் வரும். புத்தகப் பின்பக்கக் கேள்வியை அப்படியே கேட்டவை வரும். எந்தக் கேள்வியும் தொடாத வாக்கியங்களும் வரும், இவற்றைத் தனியாகப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலை முதலில் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள், பல நேரம் அவரே வகுப்பில் வேறு விதமாக அதைப் பார்த்திருப்பார். மிச்சமிருப்பதை அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி, வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநரையும் அன்று வரக் கேளுங்கள்.